பச்சையம்மாள் பூட்ஸைக் கழற்றிய இடம்

பச்சையம்மாள் என்ற பெயரைச் செங்கம்மா முதன்முதலாகக் கேட்டது தன் நிச்சயதார்த்தத்தன்று, வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில். மாப்பிள்ளை பாலையாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வேங்கடாசலமும் அண்ணியும்தான் பெரியவர்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அண்ணிக்காரி பேரு பச்சையம்மா. பாத்து நடந்துக்கோ. நீ தண்ணி குடுத்தாகூட சொம்பைத் திருப்பி அடியைப் பாத்துட்டுதான் வாயில வெப்பா" என்றாள் செங்கம்மாவின் அத்தை. அந்த அத்தை பச்சையம்மாளுக்கும் தாய்வழியில் சித்தி முறை வேண்டும், ஆகவே சும்மா சொல்லமாட்டாள். கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். செங்கம்மா மட்டும் பக்கத்திலிருந்த சொம்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

கல்யாணமாகி ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்கு வந்தபின், அத்தை கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. செங்கம்மா புடைத்து வைத்த அரிசியை ஓரகத்தி பச்சையம்மாள் இன்னொரு தடவை புடைப்பாள். பால்காரன் அளக்கும்போது படியைப் பார்க்கமாட்டாள், படிக்குள் முங்கியிருக்கும் அவன் கட்டைவிரலைப் பார்ப்பாள். வாசலில் வந்து நிற்கும் சொந்தக்காரர்கள் சும்மாதான் வந்தோம் என்று சொன்னால், சும்மா யார் பஸ் ஏறுவார்கள் என்று அவள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

"உங்க அண்ணி தூங்கறப்பவாவது கண்ணை மூடுவாங்களா?" என்று செங்கம்மா புருஷனிடம் கேட்டதற்கு, "ஒண்ணை மட்டும் மூடுவாங்க" என்றான் பாலையா.

இப்படிப்பட்டவளின் சந்தேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்த கல்லோ மரமோ புற்றோ எதிரே வந்துவிட்டால் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, புற்றுக்குப் பால் வார்த்த பிறகுதான் மகள் ஹரிதா பிறந்தாள். அந்த ஹரிதாவைக் குப்பம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்து ஆயிற்று. இன்றைக்கும் பச்சையம்மாள் புற்றைக் கண்டால் செருப்பைக் கழற்றி எட்ட வைத்துவிட்டுத்தான் கிட்டே போவாள். அந்தப் பக்கத்துச் சனம் எல்லாருமே அப்படித்தான்.

அவள் சந்தேகம் தொழிலாக மாறியது வேங்கடாசலம் செத்த பிறகு. விசைத்தறியில் வேலை குறைந்துபோகவே அவன் திருப்பதிக்குத் தோட்டம் சுத்தம் பண்ணுகிற வேலைக்குப் போனான். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிதேசம் போனவர்கள், மனையை வாங்கிப் போட்டுவிட்டு மறந்தவர்கள் என்று அங்கே ஆட்கள் நிறைய. செடிகொடி ஆளுயரம் வளர்ந்துவிடும், அக்கம்பக்கத்தார் குப்பையையும் அதற்குள்ளேயே எறிவார்கள். விற்கிற நேரம் வந்தால் வெட்டிக் கழிக்க ஆள் வேண்டும். அப்படி ஒரு வீட்டில், "ஏமீ லேதய்யா, ஒண்ணும் இல்ல, கொடி மட்டும்தான், தைரியமா இறங்கு" என்று வீட்டுக்காரர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னதை நம்பி, வேங்கடாசலம் கொடிப்பந்தல்மேல் காலை வைத்தான். அடியில் பாழுங்கிணறு. கிணறு இருந்தது தனக்கே ஞாபகமில்லை என்று அந்த மனுஷர் பிறகு அழுதார். நிஜமாகவே மறந்துபோய்விட்டதோ என்னவோ. பச்சையம்மாள் அதை நம்பவில்லை. அதற்குப் பிறகு 'ஏமீ லேது' என்று எவர் சொன்னாலும் அவளுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்றே அர்த்தம்.

புருஷன் செத்த வேலையையே அவள் கையில் எடுத்தாள். வேறு வேலைக்குப் போ என்று சொந்தபந்தம் அத்தனையும் சொல்லிப் பார்த்தது. "எவனையோ நம்பி இன்னொருத்தன் உள்ள இறங்குவான். நான் போனா கேட்டுட்டு இறங்குவேன்" என்றாள்.

நகரியிலிருந்து நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போவாள். செங்கம்மாவும் அதில் ஒருத்தி. வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பாள். கிணறு உண்டா என்பாள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, முன்னெல்லாம் செடிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து விட்டீர்கள் என்பாள். புறப்படுகிற மாதிரி எழுந்து, பழைய தொட்டிமேல் போட்ட கல் உடைந்திருக்கிறதா என்பாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் கத்தி எடுக்கலாம். உள்ளே போனதும் முதலில் கல் எறிய வேண்டும், அப்புறம் நீளக் கொம்பால் தட்ட வேண்டும், அப்புறம் கடப்பாரையால் குத்திக் குத்தி நடக்க வேண்டும். அரளியை வெட்டினால் கொளுத்தக் கூடாது, அந்தப் புகை ஆகாது. எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். புடவையைத் தூக்கிச் செருகி, புருஷன்மார் சட்டையை மேலே போட்டு, பூட்ஸும் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே வரும்.

குப்பையை அள்ளிப் போகிற டிராக்டர் உமாபதியுடையது. அவன் செங்கம்மாவின் கூடப்பிறந்த தம்பி, வடமாலப்பேட்டையில் வீடு. அவனுக்கு இந்தப் பூட்ஸைப் பார்த்தால் நாக்கு அரிக்கும்.

"இன்னா பெரியக்கா, மிலிட்டரி எந்தப் பக்கம் போய்க்கினு கீது?"

"உன் டிராக்டர் குப்பைமேடு வரைக்கும் போய்ட்டு வருதான்னு பாக்கப் போய்க்கினு கீது."

அவன் சிரிப்பான். செங்கம்மாவுக்குச் சிரிப்பு வராது. பச்சையம்மாள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே நெடுந்தூரத்தில் இருக்கிற குப்பைமேட்டுக்குப் போனவன் இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பினான் என்று ஓரகத்தி டிராக்டர் டயரைக் குனிந்து பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். டயரில் ஒட்டிய மண்ணை விரலில் எடுத்து முகர்ந்ததையும் பார்த்திருக்கிறாள். இவளுக்கு வேறு யாரோ டிராக்டர்க்காரன் வேண்டியிருக்கிறது, என் தம்பியைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று செங்கம்மாவுக்கு ஒரு சந்தேகம் உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. அரிசியை இரண்டாம் தடவை புடைத்த காலத்திலிருந்து ஊறுகிற சந்தேகம் அது.

அந்தச் சந்தேகம் வெளியே வந்தது ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பின்தோட்டத்தைச் சுத்தம் செய்த வாரத்தில். அதே வாரம் ஒரு மாட்டு டாக்டர் வீட்டுத் தோட்டமும் நடந்தது. மாட்டு டாக்டர் வீட்டில் பெரிய பெரிய ஊசிகளும் மருந்து சீசாக்களும் கிடந்தன. டாக்டரே வந்து பொறுக்கி டப்பாவில் போட்டு உமாபதியிடம் கொடுத்தார். பரிசோதனைக்கூடத்துக்காரன் மட்டும் "ஏமீ லேதம்மா, இலை தழைதான்" என்றான். பச்சையம்மாள் கொம்பால் கிளறினாள். இலைக்கு அடியில் சின்னச் சின்ன ஊசிகள், ரத்தம் காய்ந்த குழாய்கள்.

"இதை நாங்க தொட மாட்டோம். இதுக்குன்னு வேன் வரும், அதுல அனுப்புங்க" என்று சொல்லி, அந்தக் கழிவுக்கென்று உள்ள மஞ்சள் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவரச் சொல்லி, அவனையே அள்ளிக் கட்டவைத்து மூலையில் அடுக்கச் செய்தாள். மறுநாள் வந்தபோது மூலை காலியாக இருந்தது.

"வேன் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"இன்னா கலரு வேனு?"

உள்ளே யாரோ கூப்பிட்ட மாதிரி அவன் திரும்பிக்கொண்டான். பச்சையம்மாள் அவனை விட்டுவிட்டு நேரே உமாபதியிடம் வந்தாள். "மஞ்சப் பையை நீ ஏத்திக்கினு போனியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மா குறுக்கே வந்து நின்றாள். "போதும்க்கா. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டே, பொறுத்துக்கினு இருந்தேன். என் கூடப்பொறந்தவனையுமா? எங்க வூட்டு மனுசங்க உனக்குத் திருடங்களா?"

பச்சையம்மாள் கையிலிருந்த கொம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "சரிம்மே. இனிமே கேக்கல" என்றாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். டயர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. செங்கம்மாவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மழைக்காலம் போனது. திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகிற வழியில் ஒரு காலி மனைக்குக் கூப்பிட்டார்கள். மனைக்காரர் தேசிகன், கோயில் கைங்கரியத்தில் இருந்து ஓய்ந்த பெரியவர். எந்த மனை என்று தெரிந்ததுமே உமாபதி, "அது வேணாம் பெரியக்கா, பாம்பு ஜாஸ்தி" என்றான். வேலையன்று ஜுரம் என்று படுத்துக்கொண்டான். ஜுரம் யாருக்கும் வரும் என்று செங்கம்மாவே அவனுக்காகச் சொன்னாள்.

மனையின் நடுவில், வேலிக்காத்தான் புதருக்கு இந்தப் பக்கம், இடுப்புயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பங்கொம்பில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. அடியில் யாரோ வைத்த முட்டையும் பூவும் இருந்தன.

"போன தடவை வந்தப்போ இது இருந்த ஞாபகம் இல்லை" என்றார் தேசிகன், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "இருந்திருக்கலாம். நான் வந்தே ரொம்ப நாளாச்சு. இப்போ அக்கம்பக்கத்துல எல்லாரும் பால் வைக்கறா. அதை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சுத்தம் பண்ணுங்கோ."

ஞாபகம் இல்லை என்று மனைக்காரர் சொன்னால், வேறு நாளாக இருந்தால் பச்சையம்மாள் அவரை மூன்று விதமாகத் துளைத்திருப்பாள். அன்றைக்கு அவள் காதில் அது ஏறவே இல்லை. மஞ்சளைக் கண்டதும் கை கன்னத்துக்குப் போய்விட்டது. "அம்மாகிட்ட உத்தரவு கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்றாள். பூட்ஸைக் கழற்றி வெளிக்கதவோரம் வைத்தாள். கூட வந்தவர்களும் கழற்றினார்கள். கல் எறியவில்லை, கொம்பால் தட்டவில்லை. புற்றின்மேல் யார் கல் எறிவார்கள்? பச்சையம்மாள் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கிட்டே போய் வலம் வரத் திரும்பும்போது "ஸ்" என்று காலைத் தூக்கினாள்.

முள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உள்ளங்காலிலிருந்து அவள் பிடுங்கியது ஒடிந்த ஓர் ஊசிமுனை. சுற்றிலும் மழையில் மண் கரைந்த இடங்களில் மஞ்சள் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. சீசா மூடி ஒன்றும் தெரிந்தது.

மற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். செங்கம்மாவால் மட்டும் நகர முடியவில்லை. அவள் கண் கொம்பில் சுற்றிய துணிமேல் நின்றது. சிவப்பில் மஞ்சள் கரை, கரையில் ஒரு விரல் அகலத்துக்கு இழை விட்டுப்போன இடம். பாலையா தறியில் கோட்டைவிட்டு, கடைக்காரன் வேண்டாம் என்று தள்ளிய புடவை. அவளே கட்டிக் கிழித்து, எஞ்சின் துடைத்துக்கொள்ளடா என்று தம்பிக்குக் கொடுத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைக் கழுவிக் கட்டி, தடுப்பூசி போட்டு, மாத்திரையும் கொடுத்தாள். "இது மனுஷங்களுக்குப் போட்ட ஊசியா, யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார்கள். "தெரியாதவரைக்கும் எய்ட்ஸ் மாதிரி நோய் இருந்த கெட்ட ரத்தம் பட்ட ஊசின்னு வெச்சுக்கிட்டுதான் வைத்தியம். மாத்திரையை ஒரு மாசம் ஒரு வேளை விடாம சாப்பிடணும். அப்புறம் அப்பப்போ ரத்தம் பாக்கணும்."

செங்கம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தாள். நேரே வடமாலப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

ஜுரக்காரன் டிராக்டருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் புத்தை யாருடா கட்டுனது?"

"எந்தப் புத்து?"

"என் பொடவையைச் சுத்திக்கினு நிக்குதே, அது."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். குப்பைமேடு தூரமாம், காத்துக்கிடக்க வேண்டுமாம். அதனால் அந்த மனையில் குழி பறித்துத் தள்ளினானாம். மண் மேடாக நின்றதாம், யாராவது தோண்டிவிடுவார்களோ என்று பயந்து மஞ்சள் பூசினானாம். "சனங்க பால் ஊத்த வருவாங்கன்னு நெனைக்கலக்கா. நம்ம ஆளுங்களையே அங்க கூப்பிடுவாங்கன்னும் நெனைக்கல."

"உள்ள இருக்கறது எந்த எடத்துக் குப்பை?"

அவன் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னான். "மாட்டு டாக்டர் வூட்டுதுக்கா. மாட்டு ஊசி."

செங்கம்மாவுக்கு உயிர் வந்தது. நகரிக்குப் போய்ப் பச்சையம்மாள் காலடியில் உட்கார்ந்து, தம்பி செய்ததை மறைக்காமல் சொன்னாள். மாட்டு ஊசி என்பதையும் சொன்னாள். பச்சையம்மாள் திட்டவில்லை. அவள் முகம் பச்சைத் தண்ணீர் தெளித்த மாதிரி தெளிந்தது.

"மாட்டு ஊசிதானா! அப்ப இந்தக் கருமாந்தர மாத்திரை எதுக்கும்மே? துன்ன சோறு ஒரு வாய் உள்ள நிக்கல. மொத மாத்திரை போட்டதுலேர்ந்து வாந்தி. நாளைலேர்ந்து வுட்டுடறேன்."

அங்கேதான் செங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. சொம்பின் அடியைப் பார்த்துக் குடிக்கிறவள், ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்புகிறாள். டயரை முகர்ந்தவள், வேன் என்ன நிறம் என்று கேட்டவள். மாட்டு ஊசியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் அதே ஆசைதானே என்று செங்கம்மா நினைத்தாள். கால் குத்தியவளும் நம்பினாள், கூடப்பிறந்தவளும் நம்பினாள், அப்புறம் அந்தக் கேள்வியை யார் கேட்பது? அவன் கொஞ்சம் தாமதித்தான். ஏன் தாமதித்தான்?

"இன்னிக்கு ஒரு நாள் மாத்திரையைப் போட்டுக்கோக்கா. நாளைக்கு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள்.

மறுநாள் உமாபதியை அந்த மனைக்கே இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் கேட்டாள், "டாக்டர் குடுத்த டப்பாவைப் பிரிச்சா கொட்டுனே, அப்படியேவா?" அப்படியே என்றான். மனை வாசலுக்கு வந்ததும் வேறு மாதிரி கேட்டாள், "மஞ்சளா தெரிஞ்சுதே பிளாஸ்டிக், அது இன்னாடா?" தெரியாது என்றான், யாராவது எறிந்திருப்பார்கள் என்றான்.

"சரி. பெரியக்கா மாத்திரையை நிறுத்தப் போவுது. மாட்டு ஊசிதானே? போ, கையால தோண்டி அந்த டப்பாவை எடுத்தா. டாக்டரம்மாகிட்ட காட்டணும்."

உமாபதி வெளிக்கதவைத் திறந்தான். இரண்டடி வைத்தான், நின்றான். தன் செருப்பைப் பார்த்தான். புற்றைப் பார்த்தான். அக்காளின் தோள்பையைப் பார்த்தான்.

"பெரியக்கா பூட்ஸு கொண்டாந்தியாக்கா? கையுறை?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. உடைந்த சீசாவை வெறுங்கையால் அள்ளி டிரெய்லரில் போடுகிறவன், மிலிட்டரி என்று கேலி பேசியவன். செங்கம்மா தோள்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"மாட்டு ஊசிக்கு இவ்ளோ பயமாடா?"

அவன் வெளிக்கதவோரம் அப்படியே குந்திவிட்டான். "ரத்தம் பாக்கற லேபுதுக்கா. மஞ்சப் பை அத்தனையும் உள்ள கீது. வேன் வர நாளாவும், நீ எடுத்துக்கினு போன்னு அந்த ஆளு குடுத்தான். மாட்டு டாக்டருதும் கீது. எது குத்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"நேத்தே இதைச் சொல்றதுக்கு இன்னாடா?"

"அவங்க செத்துட்டா நான்தானே கொலைகாரன்னு..."

"மாத்திரையை வுட்டுட்டுச் செத்தா?"

அவன் அழுதான். செங்கம்மா அவனைச் சமாதானப்படுத்தவில்லை. சட்டையைப் பிடித்து எழுப்பி, முதலில் தேசிகன் வீட்டுக்கு, பிறகு நகராட்சி ஆபீசுக்கு, அதன்பின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய், ஒவ்வோர் இடத்திலும் அவன் வாயாலேயே சொல்லவைத்தாள். டாக்டரம்மா கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றாள். வாந்திக்கு வேறு மருந்து எழுதினாள்.

முகமூடியும் நீளக் கையுறையும் போட்ட ஆட்கள் வந்து மேட்டைத் தோண்டியபோது தெருவே கூடியது. பால் ஊற்றிய பெண்கள் சாமியை இடிக்கிறார்கள் என்று சத்தம் போட்டார்கள். மஞ்சள் பைகள் வரிசையாக வெளியே வந்ததும் சத்தம் அடங்கியது. ஒருத்தி மட்டும், அடியில் நிஜப் புற்று இருந்தாலும் இருக்கும், யார் கண்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் நகரியில் பச்சையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "மாட்டு ஊசின்னு நம்பிட்டேனே" என்றாள். பிறகு கையை நீட்டி மாத்திரையை வாங்கி வாயில் போட்டாள். செங்கம்மா தண்ணீர் கொடுத்தாள். பச்சையம்மாள் சொம்பைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். செங்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

உமாபதியை விலக்க வேண்டாம் என்று சொன்னது பச்சையம்மாள்தான். புதிதாக ஒருத்தன் வந்தால் அவனைப் பற்றி முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், இவனைப் பற்றித் தெரிந்தாகிவிட்டது என்றாள். இப்போது டிராக்டர் புறப்பட்டால் செங்கம்மா மட்கார்டில் ஏறி உட்கார்ந்து குப்பைமேடு வரை போய்த் திரும்புகிறாள். போகிற வழி முழுக்க அவனோடு பேசமாட்டாள்.

புற்று எதிர்ப்பட்டால் பச்சையம்மாள் இன்றும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பூட்ஸை மட்டும் கழற்றுவதில்லை. "தாயே, மன்னிச்சுக்கோ, மனுசங்க இருக்கற ஊரு" என்று எட்ட நின்றே சொல்லிவிட்டு, நீளக் கொம்பால் சுற்றிலும் தட்டிப் பார்க்கிறாள்.

பச்சையம்மாளுக்கு ரத்தம் பார்த்தவரைக்கும் கெடுதல் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் நகரியில், பாலையா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். வேலை இருக்கிற நாட்களில் திருப்பதிக்குப் போய் வருகிறாள்.